சுவர் குடித்த சிகரெட்!

புது வீட்டுக்குக் குடி போகப் போகிறீர்களா? வாடகை கட்டுப்படியாகுமா, தண்ணீர் வருமா, பஸ் ஸ்டாப் பக்கமா, பிள்ளைகளுக்கு ஸ்கூல் பக்கமா... எல்லாம் விசாரித்திருப்பீர்கள். பால் காய்ச்ச நல்ல நாளும் பார்த்திருப்பீர்கள். ஆனால், ஒரு கேள்வியை மட்டும் கேட்டிருக்க மாட்டீர்கள். ‘எங்களுக்கு முன்னால் இங்கே குடியிருந்தவர் வீட்டுக்குள் சிகரெட் பிடிப்பாரா?’

‘அவர்தான் காலி பண்ணிட்டுப் போயிட்டாரே... இனிமே அதைக் கேட்டு என்ன ஆகப்போவுது?’ என்கிறீர்களா? அவர் போய்விட்டார், வாஸ்தவம்தான். அவர் விட்ட புகை போனதா என்பதுதான் கேள்வி.

குரோம்பேட்டையிலிருந்து ஒரு பாட்டி, மருமகளையும் பத்து மாசப் பேரனையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். "ஐயா, இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து புள்ளைக்குச் சளி விட்டபாடில்லை. ராத்திரி படுக்க வச்சா நெஞ்சு பூனை கத்துற மாதிரி கத்துது" என்றார். குழந்தை நல டாக்டரிடமும் காட்டியிருந்தார்கள். அவர் கொடுத்ததை நிறுத்த வேண்டாம் என்று சொல்லி, கபத்தை இளக்க என் பங்குக்கு மருந்து கொடுத்தேன். கொஞ்சம் கேட்டது. பத்து நாளில் பழையபடி இழுப்பு.

"வீட்டுல எப்பவும் ஒரு மாதிரி பழைய புகை வாடை அடிக்குது டாக்டர்" என்றார் மருமகள். அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சாயங்காலம் விளக்கேத்தும்போது கொஞ்சம் சாம்பிராணி போடுங்கம்மா, சரியாப் போயிடும்!"

முப்பது வருஷமாக நாடி பிடிப்பவன் சொன்ன யோசனை இது. இப்போது எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. மூச்சு இழுக்கும் குழந்தை இருக்கிற வீட்டில், பழைய புகையை ஓட்டப் புதுப் புகை போடச் சொல்லியிருக்கிறேன்!

இன்னொரு நாள் அந்தப் பக்கம் போனபோது வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். மாடியில் இரண்டு ரூம் போர்ஷன். சுவருக்குப் புதுசாகப் பெயின்ட் அடித்திருந்தது. ஆனால், படுக்கை அறையின் மேல் மூலையில் டீத் தண்ணீர் சிந்திக் காய்ந்த மாதிரி பழுப்புத் திட்டுகள். நாற்காலி போட்டு ஏறி, நனைத்த கைக்குட்டையால் கதவு நிலையின் மேல் விளிம்பைத் துடைத்தேன். கைக்குட்டை தேன் நிறத்தில் திரும்பி வந்தது. மோந்து பார்த்தால் பீடிக்கட்டு வாசனை. முன்னால் இருந்தவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு எட்டு வருஷம் அந்த அறையில் ஊதித் தள்ளியவராம். கீழே இருந்த வீட்டுக்காரர் சொன்னார்.

புகை எங்கே போகிறது?

சிகரெட் புகை கண்ணுக்கு மறைந்ததும் காற்றோடு போய்விட்டது என்று நினைக்கிறோம். முழுக்கப் போவதில்லை. புகையில் நிகோட்டினும் தாரும் இருக்கின்றன. நம்ம ரோட்டில் போடும் தார் இல்லை இது. புகையிலை எரியும்போது உண்டாகும் பிசின் மாதிரியான கசடு. இந்தப் பிசினும் நிகோட்டினும் சுவரில், மேல்தளத்தில், ஃபேன் இறக்கையில், திரைச்சீலையில், மெத்தையில், பிளைவுட் அலமாரியில் போய் ஒட்டிக்கொள்கின்றன. வருஷக் கணக்கில் ஒரு படலத்தின் மேல் இன்னொரு படலமாக ஏறுகிறது. பிறகு வெயிலிலும் புழுக்கத்திலும் அந்தப் படலத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் கசிகிறது. தூசியோடு சேர்ந்து தரையிலும் இறங்குகிறது.

புகைப்பவர் உள்ளே இழுப்பது முதல் கைப் புகை. பக்கத்தில் இருப்பவர் மூச்சில் போவது இரண்டாம் கைப் புகை. இப்படிச் சுவரிலும் துணியிலும் தங்கிவிடுவதற்கு மூன்றாம் கைப் புகை என்று பெயர். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 2009-ல் வெளியிட்ட ஒரு ஆய்வுக்குப் பிறகுதான் இந்தப் பெயர் பரவலாகப் பேசப்பட்டது.

அமெரிக்காவில் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2011-ல் வெளியிட்ட ஆய்வு, நம் வாடகை வீட்டுக் கதைக்கு நேரடியாகப் பொருந்துகிறது. புகைப்பவர்கள் காலி செய்த வீடுகளில், புகைக்காத குடும்பங்கள் குடி வந்த பிறகு சோதித்தார்கள். நடுவில் சுமார் இரண்டு மாதம் வீடு பூட்டிக் கிடந்திருக்கிறது. சுத்தம் செய்து, சில வீடுகளில் பெயின்ட்டும் அடித்திருக்கிறார்கள். அப்படியும் சுவரிலும் தூசியிலும் நிகோட்டின் இருந்தது. புதிதாக வந்தவர்களின் விரல் நுனியிலும் இருந்தது!

அதற்கு முந்தைய வருஷம், 2010-ல், கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடம் இன்னொன்றைக் கண்டது. சுவரில் ஒட்டிய நிகோட்டின் சும்மா இருப்பதில்லை. காற்றில் இருக்கும் நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நைட்ரோசமின் என்ற பொருட்களாக மாறுகிறது. அந்த அமிலம் வீட்டுக்குள் எங்கிருந்து வருகிறது? காஸ் அடுப்பு எரிவதிலிருந்தும், வாகனப் புகையிலிருந்தும் வருகிறது. இரண்டும் இல்லாத வீடு நம் ஊரில் ஏது?

இதைப் படித்துவிட்டுப் பயந்து போக வேண்டாம். சுவர்க் கறையினால்தான் இன்ன நோய் வந்தது என்று ஒரு ஆளைக் காட்டிச் சொல்லும் அளவுக்கு இந்த ஆராய்ச்சி இன்னும் வளரவில்லை. ஆனால், யாருக்கு அதிகம் போய்ச் சேரும் என்பது தெளிவு. தவழும் குழந்தை தரையோடு தரையாக இருக்கிறது. சுவரைப் பிடித்து நிற்கிறது. அந்தக் கையை வாயில் வைக்கிறது. அதன் எடைக்கு நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறது. ஆகையால் கைக்குழந்தை, கர்ப்பிணி, ஆஸ்துமாக்காரர் இருக்கும் வீட்டில் இதைச் சாதாரணமாக விடக்கூடாது.

தாத்தாவின் சுண்ணாம்பு

சுத்தம் செய்வதற்கு முன்னால் எதிரியின் குணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். புகையிலையை ஊறவைத்த தண்ணீரைச் செடிப் பேனுக்குத் தெளிப்பது நம் தோட்டக்காரர்களுக்குப் பழக்கம். பூச்சியைக் கொல்வது அதிலுள்ள நிகோட்டின். அதாவது, நிகோட்டின் தண்ணீரில் இறங்கக்கூடியது.

வெற்றிலை போடும் தாத்தாவுக்கு இன்னொன்றும் தெரியும். புகையிலையோடு சுண்ணாம்பு சேர்த்தால்தான் ‘சுர்’ரென்று ஏறும். சுண்ணாம்பு காரத்தன்மை உள்ளது. அது நிகோட்டினைப் பிரித்து விடுகிறது. காரம் பட்டால் அது ஆவியாகவும் கிளம்பும். புளிப்புப் பட்டால் நேர்மாறு. வினிகர் போன்ற மெல்லிய அமிலம் நிகோட்டினைப் பிடித்துத் தண்ணீரிலேயே நிறுத்தி வைக்கும்.

தார்ப் பிசினின் கதை வேறு. அது எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி. சோப்புக்கும் சலவை சோடாவுக்கும்தான் அசையும். அதனால்தான் ஒரே திரவத்தால் வேலை முடிவதில்லை. முதலில் சோப்பு, அப்புறம் புளிப்பு, கடைசியில் நல்ல தண்ணீர். இந்த வரிசையை மறக்காதீர்கள்.

வீடு பார்க்கும்போதே...

வீட்டைக் காட்டும் நாளில் ஜன்னல் எல்லாம் திறந்திருக்கும், ஊதுபத்தி மணக்கும். ஏமாந்துவிடாதீர்கள். முடிந்தால் மத்தியான வெயிலில், பூட்டிக் கிடந்த வீட்டைத் திறக்கும்போதே உள்ளே போங்கள். முதல் மூச்சிலேயே மூக்கு சொல்லிவிடும். கொஞ்ச நேரம் நின்றால் மூக்குக்குப் பழகிவிடும்.

காலண்டர் மாட்டியிருந்த இடம் மட்டும் வெள்ளையாக, சுற்றிலும் மஞ்சளாக இருக்கிறதா? பாத்ரூம் சுவரில் பழுப்பாகச் சொட்டுச் சொட்டாக வழிந்திருக்கிறதா? ஃபேன் இறக்கை, டியூப்லைட் பட்டி, கதவின் மேல் விளிம்பு, ஜன்னல் கம்பி ஆகியவற்றை நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். வெறும் தூசி என்றால் துணி சாம்பல் நிறமாகும். புகைக் கறை என்றால் மஞ்சள் பழுப்பாகப் பிசுபிசுக்கும். சமையலறையில் எண்ணெய்ப் பிசுக்கும் இப்படித்தான் வரும். அதனால் படுக்கை அறையிலும் ஹாலிலும் பாருங்கள்.

சுத்தம் செய்யும் முறை

சாமான் இறங்குவதற்கு முன்னால், வீடு காலியாக இருக்கும்போதே செய்துவிடுவது உத்தமம். குழந்தையைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கர்ப்பிணியும் ஆஸ்துமாக்காரரும் இந்த வேலையில் கை வைக்க வேண்டாம். ரப்பர் கையுறை, மூக்குக்கு மாஸ்க், இரண்டு பக்கெட், பழைய வேட்டித் துணி நிறைய... இவ்வளவும் தயாரா?

1. எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். டேபிள் ஃபேன் இருந்தால் ஜன்னல் பக்கம் வெளியே பார்த்தபடி வையுங்கள். உள்காற்று வெளியேறும்.

2. துடைப்பத்தால் ஒட்டடை அடித்துத் தூசியைக் கிளப்பாதீர்கள். அந்தத் தூசியில்தான் சரக்கு இருக்கிறது. ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள்.

3. முன்னவர் விட்டுப் போன மெத்தை, தலையணை, ஸ்பான்ஜ் சோபா, திரைச்சீலை எதையும் ‘இருக்கட்டுமே’ என்று வைத்துக்கொள்ளாதீர்கள். பஞ்சுக்குள் போன புகையை எடுக்க முடியாது.

4. பத்து லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டம்ளர் சலவை சோடா, ஒரு ஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம் கலந்துகொள்ளுங்கள். முதலில் ஒரு மூலையில் சோதியுங்கள். பெயின்ட் உரியவில்லை என்றால் தொடருங்கள். மேல்தளம் முதலில், பிறகு சுவர். சுவரைக் கீழிருந்து மேலாகத் துடையுங்கள். மேலிருந்து ஆரம்பித்தால், காய்ந்த சுவரில் அழுக்குத் தண்ணீர் வழிந்து கோடு கோடாக நின்றுவிடும். ஒரு பக்கெட்டில் கரைசல், இன்னொன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தால் கொட்டிவிட்டு மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஒரு சுவரின் அழுக்கை அடுத்த சுவருக்குப் பூசியதாக ஆகும்.

5. நல்ல தண்ணீரால் ஒருமுறை மேலிருந்து கீழாகத் துடைத்த பிறகு, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமபாகம் கலந்து துடையுங்கள். பத்து நிமிஷம் விட்டு மறுபடி நல்ல தண்ணீர். துணி வெள்ளையாகத் திரும்பும் வரை, தேவையானால் இரண்டு மூன்று தடவை செய்யுங்கள்.

6. ஸ்விட்ச் போர்டு, ஃபேன், டியூப்லைட் பக்கம் போவதற்கு முன் மெயினை அணைத்துவிடுங்கள். துணியை நன்றாகப் பிழிந்துவிட்டுத் துடையுங்கள். ஏ.சி. இருந்தால் ஃபில்டரைக் கழுவினால் மட்டும் போதாது. மெக்கானிக்கை வைத்து உள்ளே இருக்கும் காயிலையும் காற்றுச் சக்கரத்தையும் கழுவச் சொல்லுங்கள். போட்ட உடனே சிகரெட் வாடை வரும் ஏ.சி.க்கு அதுதான் காரணம்.

7. மொசைக், மார்பிள், கடப்பாக்கல் மேல் வினிகர் படக்கூடாது. அமிலம் கல்லை அரித்துப் பளபளப்பைக் கெடுக்கும். அங்கே சோப்புத் தண்ணீர் போதும். அலுமினிய ஜன்னலுக்கும் வார்னிஷ் அடித்த மரத்துக்கும் சலவை சோடா வேண்டாம். அதற்கும் சோப்புத் தண்ணீரே.

8. பரணும் அலமாரித் தட்டும் பெயின்ட் படாத வெறும் பிளைவுட்டாக இருந்தால், ஈரத் துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, வார்னிஷோ எனாமலோ ஒரு கோட் அடித்து மூடிவிடுங்கள்.

சுண்ணாம்பு அடித்த சுவரையும் சாதாரண டிஸ்டெம்பர் சுவரையும் கழுவ முடியாது. கழுவினால் பூச்சே கையோடு வரும். லேசாக ஈரப்படுத்தி, பட்டித் தகட்டால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப் பூச்சு பூச வேண்டும். பழைய வீட்டுக் கதவு, ஜன்னலின் எனாமல் பெயின்ட்டை மட்டும் உப்புத்தாள் போட்டுக் காய்ந்தபடி தேய்க்காதீர்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம்.

பெயின்ட் அடித்தால் போகாதா?

அந்தக் குரோம்பேட்டை வீட்டில் நடந்த தவறு இதுதான். கழுவாமலே பெயின்ட் அடித்துவிட்டார்கள். தண்ணீரில் கலக்கும் எமல்ஷன் பெயின்ட்டைக் கறையின் மேல் நேராக அடித்தால், அந்த ஈரத்திலேயே கறை கரைந்து மேலே வந்துவிடும். அதுதான் நான் பார்த்த பழுப்புத் திட்டு. முறை என்னவென்றால்... கழுவி, இரண்டு மூன்று நாள் காயவிட்டு, எண்ணெய் வகைப் பிரைமர் ஒரு கோட். அது கறையை அடியிலேயே அடைத்துவிடும். அதன் மேல் எமல்ஷன் இரண்டு கோட். பெயின்ட் வாடை போகும் வரை குழந்தையை அந்த அறையில் படுக்க வைக்க வேண்டாம்.

இதெல்லாம் வேண்டாம்!

* சாம்பிராணி, ஊதுபத்தி, வேப்பிலைப் புகை, நொச்சிப் புகை எதுவும் வேண்டாம். இவை வாடையை மறைக்குமே தவிரக் கறையைத் தொடாது. மூச்சு இழுப்பவர்களுக்கு எந்தப் புகையும் புகைதான். மூலிகைப் புகைக்குத் தனிச் சலுகை கிடையாது.

* பிளீச்சிங் பவுடரையும் வினிகரையும் ஒன்றாகக் கலக்கவே கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பி நெஞ்சை அடைக்கும். அமோனியா கலந்த கிளீனரோடும் பிளீச்சைச் சேர்க்கக் கூடாது.

* ஆப்ப சோடாவையும் வினிகரையும் கலந்து நுரை பொங்குவதைப் பார்த்து மகிழ வேண்டாம். ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுத்துவிடும். மிஞ்சுவது வெறும் உப்புத் தண்ணீர்.

* வாடைக்காக அலமாரியில் அந்துருண்டை போடாதீர்கள். அதிலுள்ள நாப்தலீன் கைக்குழந்தைக்கு ஆகாது.

* ஓசோன் மெஷின் வைத்து வாடை எடுக்கிறோம் என்று வருபவர்களை நம்பாதீர்கள். ஓசோனே நுரையீரலுக்குக் கெடுதல். அது நிகோட்டினோடு சேர்ந்து மிக நுண்ணிய துகள்களையும் உண்டாக்கும்.

வீட்டுக்காரரிடம் பேசுங்கள்

"இவ்வளவும் நாங்களே செய்யணுமா?" என்று கேட்பீர்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் பேசிவிடுங்கள். வீட்டைச் சுற்றிக் காட்டும்போதே கறையைப் போட்டோ எடுத்து வையுங்கள். தமிழ்நாட்டின் 2017-ம் வருஷத்து வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை, சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு. ‘பெயின்ட் அடித்துத் தருகிறேன்’ என்பவரிடம், ‘கழுவி, பிரைமர் அடித்து, அப்புறம் பெயின்ட்’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். சண்டை வேண்டாம். ‘கறை திரும்ப வந்தா உங்களுக்கும் இரட்டைச் செலவு சார்’ என்றால் புரிந்துகொள்வார்கள்.

வேலை முடிந்து இரண்டு வாரம் கழித்து, வீட்டை ஒரு பகல் முழுக்கப் பூட்டிவிட்டு வந்து திறந்து பாருங்கள். வாடை வந்தால் எங்கோ ஒரு இடம் விட்டுப்போயிருக்கிறது. பெரும்பாலும் பரண், ஏ.சி., ஃபேன் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். முதல் சில மாதங்களுக்குத் தரையைப் பெருக்குவதைவிட ஈரத் துணியால் துடைப்பது நல்லது. குழந்தையின் பொம்மைகளையும் அடிக்கடி கழுவுங்கள்.

கடைசியாக ஒரு விஷயம்

குரோம்பேட்டைக் குடும்பம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வீட்டைக் கழுவியது. வீட்டுக்காரரும் நல்ல மனிதர். பிரைமர் செலவை ஏற்றுக்கொண்டார். சாம்பிராணியை நான் சொல்லியே நிறுத்தினார்கள். அப்புறம் ஒரு நாள் குழந்தையின் அப்பா தனியாக வந்தார். சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டே, "சார், நானும் உண்டு. ஆனா வீட்டுக்குள்ள பிடிக்கிறதே இல்லை. மொட்டை மாடிக்குப் போய்த்தான்..." என்றார்.

"மாடியிலேருந்து இறங்கி வந்ததும் முதல்ல என்ன செய்வீங்க?"

"புள்ளையத் தூக்குவேன் சார்."

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். நான் ஒன்றும் சேர்த்துச் சொல்லவில்லை. சட்டை, மீசை, விரல் எல்லாமே சுவர் மாதிரிதான். புகை அங்கேயும் ஒட்டும். மாடிக்குப் போய்ப் பிடிப்பவர் சட்டையை மாற்றி, கை முகம் கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்குவது குறைந்தபட்ச மரியாதை. அதுகூடப் பாதி வழிதான். முழு வழி, விட்டுவிடுவது. விட நினைப்பவர்களுக்கு மத்திய அரசின் இலவச உதவி எண் இருக்கிறது: 1800-11-2356. சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறார்கள்.

அவர் இப்போது விட்டுவிட்டார். குழந்தைக்கு இழுப்பு வெகுவாகக் குறைந்திருக்கிறது. சுவரைக் கழுவியதாலா, சாம்பிராணியை நிறுத்தியதாலா, அப்பா சிகரெட்டை விட்டதாலா, மழைக்காலம் முடிந்ததாலா... பிரித்துச் சொல்லத் தெரியாது. சொன்னால் அது வைத்தியம் இல்லை, ஜோசியம்! குழந்தைக்கு நெஞ்சு குழி விழும்படி இழுப்பு வந்தால் வீட்டைக் கழுவிக்கொண்டிராமல் உடனே டாக்டரிடம் ஓடுங்கள். அது வேறு, இது வேறு.

பால் காய்ச்சுவதற்கு முன்னால் ஒரு ஈரத் துணியை எடுத்துக் கதவு விளிம்பைத் துடைத்துப் பாருங்கள். ஒரு நிமிஷ வேலைதான்.